‘பார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யப் புதிதாக வருபவர்களின் பிரதி கைக்கு வந்ததும் நான் முதலில் தேடிப் பார்ப்பது ‘பகுதி’ என்ற சொல்லை. ஒரே பக்கத்தில் அது ஆறேழு முறை வந்திருந்தால், மூலத்தில் ‘பார்ட்’ என்று கண்ட இடமெல்லாம் கை தானாக அதை எழுதியிருக்கிறது என்று புரிந்துவிடும். இயந்திர மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது.

இந்தப் பிழை லேசில் கண்ணில் படாது. ‘பகுதி’ போட்ட வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும். ஆனால் படிப்பவருக்குப் பொருள் சற்று மங்கலாகப் போகும். சில இடங்களில் முற்றிலும் வேறாகிவிடும். ஒரு பத்திரத்திலோ வினாத்தாளிலோ மருந்துச் சீட்டிலோ அது நடந்தால் இழப்பு படிப்பவருக்கு.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முன்னதைத் தாண்டிப் பின்னதற்குப் போனால், தேவையில்லாத சொல்லைத் தேடி நேரம் வீணாகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு ஆவணம் வேண்டும். ஒற்றை வரியை மட்டும் அனுப்பி “இதுக்கு என்ன சொல்லலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, “எதனுடைய பார்ட்?” என்பதுதான். அந்தப் பதில் பெரும்பாலும் முந்தைய பத்தியில் இருக்கும்.

இரண்டு அகராதிகள் வேண்டும். ஒன்று, நல்ல ஆங்கில-ஆங்கில அகராதி. சொல் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க. மற்றொன்று, தமிழ்-தமிழ் அகராதி. நீங்கள் தேர்ந்த தமிழ்ச் சொல்லுக்கு வேறு என்னென்ன பொருள் இருக்கிறது என்று சரிபார்க்க. இக்கால வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பழைய பொருள்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. ஆங்கில-தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது பத்துச் சொற்களைக் கொட்டும்; எதை எடுப்பது என்று சொல்லாது.

படிப்பவர் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகரா, இலங்கை வாசகரா, பட்டறையில் வேலை செய்பவரா, பள்ளி மாணவரா? சட்டத்திலும் பாடநூலிலும் இரு நாட்டுக் கலைச்சொற்கள் வேறுபடுகின்றன.

1. பெயரா, வினையா என்று முதலில் பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், வினையாக வந்தால் அடுத்த படிகளில் பெரும்பாலானவை தேவையே இல்லை. வினையாக வரும் ‘பார்ட்’டுக்குப் ‘பிரி’ என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான தடுக்கல். யார் பிரிகிறார்கள், எது விலகுகிறது என்பதைப் பொறுத்துத் தமிழில் வினை மாறும்.

காதலர்கள் பிரிகிறார்கள். கூட்டம் விலகி வழிவிடுகிறது. மேகம் கலைகிறது. திரைச்சீலையை விலக்குகிறோம். இழுபட்ட கயிறு அறுந்துபோகிறது. உதடுகள் லேசாகத் திறக்கின்றன. ‘அவள் உதடுகள் பிரிந்தன’ என்று எழுதினால் ஆங்கில வாக்கியம் அடியில் தெரிகிறது. செங்கடல் பிளந்தது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை போதும்.

தலைமுடிக்கு வந்தால் வகிடு. ‘இடப்பக்கம் முடியைப் பிரித்திருந்தான்’ என்று எழுதிய ஒரு பிரதியை நான் பார்த்தேன். எழுதியவர் வீட்டில் தினமும் சொல்லும் சொல்தான் வகிடு. ஆங்கிலத்தைக் கண்டதும் அது நினைவுக்கு வரவில்லை. ‘இடப்பக்கம் வகிடு எடுத்திருந்தான்’ என்று திருத்தினோம். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் ‘பார்ட்’ பெயராகவும் வரும். அப்போதும் நடுவகிடு, கோணல் வகிடு என்று எளிதாக முடிந்துவிடும்.

‘பார்ட் வித்’ என்று வந்தால் அது பொருளை விட்டுத்தருவது. ஒருவர் தன் நிலத்தோடு ‘பார்ட்’ ஆக மறுக்கிறார் என்றால், நிலத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று பொருள். ‘நிலத்தைப் பிரிய மறுத்தார்’ என்றால் ஊரைவிட்டுப் போக மறுத்ததுபோல் ஆகிவிடும்.

2. கட்டுத்தொடர்களைத் தனியே எடுத்து வையுங்கள்

பெயர்தான் என்று உறுதியானதும், அது தனியாக நிற்கிறதா, ஏதாவது தொடருக்குள் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடருக்குள் இருந்தால் ‘பார்ட்’டுக்குத் தனிப்பொருள் கிடையாது, முழுத்தொடருக்கும் சேர்த்துத்தான் தமிழ் தேட வேண்டும். சொல்லைப் பிரித்து மொழிபெயர்த்தபின் சேர்த்துப் பார்த்தால் பொருந்தாது.

அடிக்கடி தடுக்கிவிடுபவை இவை.

‘த பெட்டர் பார்ட் ஆஃப் அன் அவர்’, ‘த பெஸ்ட் பார்ட் ஆஃப் அ டே’: இங்கே நல்லது கெட்டது பேச்சே இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க. ‘மணி நேரத்தின் சிறந்த பகுதியைக் காத்திருப்பில் கழித்தார்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோனவர்கள் பலர். ‘சிறந்த’ என்ற சொல் அங்கே என்ன செய்கிறது என்று ஒரு நொடி நின்று கேட்டிருந்தால் பிழை பிடிபட்டிருக்கும்.

‘ஆன் த பார்ட் ஆஃப்’: தரப்பில். அரசுத் தரப்பில் விளக்கம் இல்லை, மனுதாரர் தரப்பில் தாமதம். ‘அரசின் பகுதியில்’ என்று ஒருபோதும் வராது.

‘ஃபார் மை பார்ட்’: என்னைப் பொறுத்தவரை. செயலைப் பற்றிய பேச்சானால் ‘என் பங்குக்கு’ இன்னும் இயல்பு: “எல்லாரும் கொடுத்தார்கள், என் பங்குக்கு நானும் நூறு ரூபாய் போட்டேன்.”

‘ஃபார் த மோஸ்ட் பார்ட்’: பெரும்பாலும். ‘இன் பார்ட்’: ஓரளவு. வானிலை அறிக்கையில் ‘பார்ட்லி கிளவுடி’ என்பதைச் சென்னை வானிலை ஆய்வு மையம் ‘ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்’ என்று எழுதுகிறது; பின்பற்றத் தகுந்த வழக்கு.

‘இன் தீஸ் பார்ட்ஸ்’: இந்தப் பக்கத்தில், இந்தச் சுற்றுவட்டாரத்தில். ‘டேக் சம்ஒன்ஸ் பார்ட்’: ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. ‘டேக் இன் குட் பார்ட்’: தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது.

‘பார்ட் ஆஃப் ஸ்பீச்’: இலக்கணத்தில் சொல்வகை. ‘பேச்சின் பகுதி’ என்று எழுதினால் மேடைப் பேச்சிலிருந்து வெட்டிய துண்டு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

‘பார்ட் டைம்’ மட்டும் பகுதி நேரம் என்று நிலைபெற்றுவிட்டது. பகுதி நேர ஆசிரியர், பகுதி நேர நியாயவிலைக் கடை என்று அரசாணை வரை வந்த சொல். அதை மாற்ற முயல வேண்டாம்.

3. ‘எதனுடைய பார்ட்?’ என்று கேளுங்கள்

வழிகாட்டியின் நடு இதுதான். ஆங்கிலத்தில் முழுப்பொருள், அதாவது கூறு எதற்குள் அடங்குகிறதோ அது, எதுவாக இருந்தாலும் அதன் கூறுக்கு ஒரே பெயர் போதும். தமிழில் முழுப்பொருள் மாறினால் கூறின் பெயரும் மாறும். ஆகவே முழுப்பொருளைக் கண்டுபிடிக்காமல் சொல்லைத் தேடத் தொடங்கக் கூடாது.

நூல்களில் பாருங்கள். திருக்குறளின் மூன்று பெரும்பிரிவுகளுக்குப் பெயர் பால். சிலப்பதிகாரத்தின் மூன்றும் காண்டம், காண்டத்துக்குள் காதை. கம்பராமாயணத்தில் ஆறு காண்டம்; உள்ளே படலம். தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரம். ஒவ்வோர் அதிகாரத்துக்குள்ளும் ஒன்பது இயல். இங்கே ஒரு கண்ணி உண்டு: தொல்காப்பியத்தில் அதிகாரம் நூலின் மூன்றில் ஒன்று, குறளில் அதிகாரம் பத்துப் பாட்டு. ஆங்கிலக் கட்டுரை இரண்டையும் பற்றிப் பேசி ‘பார்ட்’, ‘சாப்டர்’ என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தால், ஆங்கிலச் சொல்லைப் பின்தொடராதீர்கள். அந்தந்த நூல் தனக்கு வைத்திருக்கும் பெயரைப் போடுங்கள்.

இக்கால நாவலுக்கும் திரைப்படத்துக்கும் பாகம்: முதல் பாகம், இரண்டாம் பாகம். பல நூல்களாக அச்சாகும் வரிசைக்குத் தொகுதி. வினாத்தாளுக்குப் பகுதி.

உயிருள்ளதற்கு உறுப்பு. உடல் உறுப்பு, உறுப்பு தானம். தாவரத்துக்கும் இதுவே. உயிருள்ளதைப்போல் இணைந்து இயங்குவதாக நாம் நினைப்பவற்றுக்கும் உறுப்பு வரும்: செய்யுளின் உறுப்புகள் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறு, சங்கத்தில் சேர்ந்தவர் உறுப்பினர். ஆனால் உறுப்புக்குள் ஓரிடத்தைக் குறிக்க வந்தால் அது பகுதியாகிவிடும்: கால் ஓர் உறுப்பு, காலின் கீழ்ப்பகுதியில் வீக்கம். மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கைவிடக் கூடாது.

இயந்திரத்துக்குப் பாகம், தனியே வாங்கி மாற்றுவது உதிரிபாகம். பட்டறைக்காரருக்காக எழுதுவதானால் நான் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்றே எழுதுவேன். கடையில் அவர் கேட்கப்போவது அந்தப் பெயரில். ‘கழுவுமுன் எல்லாப் பகுதிகளையும் பிரிக்கவும்’ என்று மிக்ஸி கையேட்டில் எழுதினால் எதைக் கழற்றுவது என்று தெரியாது. ‘கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றிவிட்டுக் கழுவவும்’ என்றால் கை சரியான இடத்துக்குப் போகும்.

வீட்டுக்குக் கட்டு: முன்கட்டு, இரண்டாம் கட்டு, பின்கட்டு. ‘வீட்டின் பின்பகுதி’ தவறல்ல. ஆனால் பழைய ஊர் வீட்டைப் பற்றிய கதையில் ‘பின்கட்டு’ என்று எழுதினால் கிணற்றடியும் கூடவே வந்துவிடும்.

புடவையின் அலங்கரித்த நுனிக்கு முந்தி அல்லது தலைப்பு, ஓரத்துக்குக் கரை. மலையின் கீழ்ப்பாகம் அடிவாரம். மீன்பிடிப் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். கால்வாய்ப் பாசனத்தில் தண்ணீர் கடைசியாக எட்டும் இடம் கடைமடை. முட்டையின் வெள்ளைப் பாகம் வெள்ளைக்கரு. வெங்காயச் செடியின் பச்சைப் பாகம் வெங்காயத்தாள். பலாவும் ஆரஞ்சும் சுளை, பூண்டு பல். நாளின் முற்பாதி முற்பகல், இரவின் பிற்பாதி பின்னிரவு. இவற்றை ஆங்கிலம் ‘லோயர் பார்ட்’, ‘கிரீன் பார்ட்’, ‘எண்ட் பார்ட்’ என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மிடம் பெயரே இருக்கிறது. விளக்கத்தை மொழிபெயர்த்துவிட்டுப் பெயரைத் தொலைப்பதுதான் இந்தப் படியில் நான் மிகுதியாகக் காணும் பிழை. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுவே. பெயர் தெரியாவிட்டால் அந்தத் தொழில் செய்பவரிடம் கேளுங்கள். கேட்க வழியில்லாவிட்டால் ‘படகின் முன்பக்கம்’ என்று எளிமையாக எழுதுங்கள். நீங்களாக ஒரு சொல்லை உருவாக்க வேண்டாம்.

4. இடமா, உரிமையா, அளவா என்று பிரியுங்கள்

முழுப்பொருள் தெரிந்த பின்னும் ஒரு கேள்வி பாக்கி. எல்லை காட்டக்கூடிய ஓர் இடத்தைச் சொல்கிறார்களா, ஒருவருக்கு உள்ள உரிமையைச் சொல்கிறார்களா, கலவையின் அளவைச் சொல்கிறார்களா?

இடமானால் பகுதி. உரிமையானால் பாகம் அல்லது பங்கு. பத்திரங்களில் இது பணத்தைத் தொடும் வேறுபாடு. ‘நிலத்தின் ஒரு பகுதியை விற்றார்’ என்றால் நான்கு எல்லை சொல்லிக் காட்டக்கூடிய மண்ணை விற்றார் என்று பொருள்படும். ‘நிலத்தில் தமக்குள்ள பாகத்தை விற்றார்’ என்றால் இன்னும் அளந்து பிரிக்காத சொத்தில் தமக்கிருக்கும் உரிமையை விற்றார். பாகப்பிரிவினை, பங்காளி என்ற சொற்கள் இந்த வழியில் வந்தவைதான். அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு நிலத்தில் கிடைப்பது பிரிபடாத பாகம். அதைப் ‘பிரிபடாத பகுதி’ என்று எழுதினால், மொட்டைமாடிக்குக் கீழே எங்கோ அவருக்கென ஓரிடம் ஒதுக்கியிருப்பதாகத் தோன்றும்.

தொடக்க காலத்தில் நானே இதில் தவறினேன். ஒரு குடும்பத்துக் கடிதப் போக்குவரத்தை மொழிபெயர்த்தபோது ‘ஹிஸ் பார்ட் ஆஃப் த லேண்ட்’ என்பதை ‘அவருடைய நிலப்பகுதி’ என்று எழுதினேன். படித்த பெரியவர், “நிலத்தை எப்பம்மா பிரிச்சோம்? இன்னும் கூட்டாத்தானே கிடக்கு?” என்று கேட்டார். ஒரே சொல்லில், நடக்காத பாகப்பிரிவினையை நான் நடத்தி வைத்திருந்தேன். அதன்பிறகு சொத்து ஆவணம் எது வந்தாலும், ‘அளந்து பிரித்தாகிவிட்டதா?’ என்று கேட்காமல் பேனாவைத் தொடுவதில்லை.

அளவானால் பங்கு. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். ஒரு பங்கு உளுந்துக்கு நான்கு பங்கு அரிசி. பேச்சில் ‘பங்கு’கூட விழுந்துவிடும்: ஒண்ணுக்கு ஆறு, ஒண்ணுக்கு நாலு. சமையல் குறிப்பில் அளவுக்குப் ‘பாகம்’ என்று எழுத வேண்டாம். நளபாகம் என்பதுபோல் சமைக்கும் பக்குவத்துக்கும் அது பெயர். பாகு காய்ச்சும் குறிப்பில் ‘இரண்டு பாகம் சர்க்கரை’ என்று வந்தால் குழப்பம் தவிர்க்க முடியாதது.

பின்னங்களில் ‘அ தேர்ட் பார்ட்’ என்பது மூன்றில் ஒரு பங்கு. எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்ற பழைய பெயர்கள் கதைக்கும் வரலாற்றுக்கும் பொருந்தும். அறிவியல் கட்டுரையில் வாசகரைத் தேக்கிவிடும்.

‘பார்ட்ஸ் பெர் மில்லியன்’ என்பதில் ஒரு தனி எச்சரிக்கை. மில்லியன் என்பது பத்து லட்சம். ‘லட்சத்தில் ஒரு பங்கு’ என்று எழுதியிருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளில் திருத்தியிருக்கிறேன். பத்து மடங்கு பிழை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (2012), கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. நீரில் இதை ஏறத்தாழ 500 பிபிஎம் என்று கொள்ளலாம். தமிழில் விரித்தால் ‘பத்து லட்சத்தில் 500 பங்கு’. முதல்முறை இப்படி விரித்து எழுதிவிட்டு, பிறகு ‘பிபிஎம்’ என்றே தொடருங்கள்.

5. அந்தத் துறை சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதா என்று சரிபாருங்கள்

பொதுவழக்கில் சரியாக இருக்கும் சொல், ஒரு துறைக்குள் வேறு வேலைக்கு நியமிக்கப்பட்டிருக்கலாம். அதனால்தான் சொல்லைத் தேர்ந்த பிறகு இந்தச் சோதனை.

கணக்கில் ‘பகுதி’ என்பது பின்னத்தின் கீழெண், மேலெண் ‘தொகுதி’. ‘பின்னத்தின் மேல்பகுதி’ என்று எழுதினால் மாணவருக்குத் தலை சுற்றும். தொகுதி என்று எழுதிவிடுங்கள். கலப்பெண்களில் மட்டும் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்றே பாடநூலில் இருக்கிறது. அங்கே மாற்ற வேண்டியதில்லை.

இலக்கணத்தில் ‘பகுதி’ என்பது சொல்லின் முதனிலை. பகுபத உறுப்புகள் ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். ‘பார்ட்ஸ் ஆஃப் அ வேர்ட்’ என்பதைச் ‘சொல்லின் பகுதிகள்’ என்று எழுதினால், ஆறில் ஒன்றின் பெயரை ஆறுக்கும் வைத்ததாகும். உறுப்புகள் என்று எழுதுங்கள்.

சட்டத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இந்திய அரசியலமைப்பு பகுதிகளாக அமைந்தது. மூன்றாம் பகுதி அடிப்படை உரிமைகள். 12 முதல் 35 வரையுள்ள உறுப்புகள் (ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிக்கிள்’) அதில் அடங்கும். ‘பார்ட்’டைப் ‘பிரிவு’ என்று எழுதுவதுதான் புதியவர்களின் வாடிக்கை. நாளிதழ்கள் ‘ஆர்ட்டிக்கிள்’ என்பதைச் சட்டப்பிரிவு என்று எழுதிப் பழக்கிவிட்டதால், ‘பிரிவு 3’ என்று படிப்பவர் மூன்றாம் ஆர்ட்டிக்கிளுக்குப் போவார். அது புதிய மாநிலங்கள் அமைப்பதைப் பற்றியது. அடிப்படை உரிமையைத் தேடியவர் மாநில எல்லையில் போய் நிற்பார். சாதாரணச் சட்டங்களில் ‘செக்‌ஷன்’தான் பிரிவு. இலங்கையில் ‘ஆர்ட்டிக்கிள்’ என்பதற்கு உறுப்புரை என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. அங்குள்ள வாசகருக்கு எழுதும்போது அதையே கையாளுங்கள்.

தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ‘பார்ட் நம்பர்’ பாகம் எண். அங்கே ‘பகுதி எண்’ என்று எழுதினால், தன் தெருவைக் கேட்கிறார்கள் என்று ஒருவர் எண்ணக்கூடும். ‘எங்கள் பகுதியில் தண்ணீர் வரவில்லை’ என்று பேசுவதுதானே நம் வழக்கம். படிவத்தில் அச்சிட்டிருக்கும் சொல் எதுவோ அதுவே உங்கள் சொல்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பங்கு என்பது ஒரு கோவிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகம்; பங்குத்தந்தை அதை வழிநடத்துபவர். நிதித்துறையில் பங்கு என்றால் நிறுவனப் பங்கு. இந்த இரண்டு இடங்களிலும் ‘பங்கு’வை வேறு பொருளில் போடுமுன் ஒருமுறை வாக்கியத்தை உரக்கப் படித்துப் பாருங்கள்.

6. மனிதர் செய்யும் ‘பார்ட்’: புகழா பழியா என்று தீர்மானியுங்கள்

ஒருவர் எதிலோ ‘பார்ட்’ எடுத்தார், ‘பிளே’ செய்தார் என்று வந்தால், அந்தச் செயல் நல்லதா கெட்டதா என்று முதலில் பாருங்கள். ஆங்கிலத் தொடர் நடுநிலையானது. தமிழ்ச் சொற்கள் அப்படியல்ல.

விழாவில் கலந்துகொண்டார். போட்டியில் பங்கேற்றார். போராட்டத்தில் பங்கெடுத்தார். கல்வி வளர்ச்சியில் பெரும்பங்கு ஆற்றினார். ‘பங்காற்றினார்’ பாராட்டுச் சொல். ‘கொள்ளையில் முக்கியப் பங்காற்றினார்’ என்ற வரியைப் படிக்கும்போது எழுத்தாளர் திருடனை வாழ்த்துகிறாரோ என்று தோன்றும். அங்கே உடந்தையாக இருந்தார், அவருக்கும் அதில் தொடர்பு உண்டு, அவர் கையும் இருக்கிறது. விபத்தில் மழை ‘பார்ட்’ வகித்தது என்றால், விபத்துக்கு மழையும் ஒரு காரணம். மழைக்குப் ‘பங்கு வகித்தது’ என்று எழுத வேண்டாம். தமிழில் அது உயிருள்ளவர் செய்கிற காரியமாகத்தான் இன்னும் காதில் விழுகிறது.

நடிப்பானால் வேடம், பாத்திரம். சொந்த வழக்கே உள்ள இடம் இது: நம் இசைநாடக மேடை ‘பார்ட்’ என்ற சொல்லையே எடுத்துத் தனதாக்கிக்கொண்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று நடிகர்களுக்கே அது அடைமொழியானது. அந்த மேடையைப் பற்றி எழுதும்போது ‘அரசன் வேடம்’ என்று தமிழாக்கம் செய்து தூய்மைப்படுத்தாதீர்கள். ராஜபார்ட் ஒரு வேடம் மட்டுமல்ல, குழுவில் ஒரு பதவி; பாட்டும் தர்க்கமும் அவர் பொறுப்பு. நவீன நாடகத்தையோ சினிமாவையோ பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைக் கொண்டுவரவும் வேண்டாம்.

தேவாலயப் பாடகர் குழுவில் ‘பார்ட்’ என்றால் குரல்: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரல்கள்.

7. சொல்லே வேண்டுமா என்று கேளுங்கள்

இத்தனையும் செய்த பிறகு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பொருள் தெளிவாகப் புரிந்த பின்புதான் எதை விடலாம் என்று துணிந்து சொல்ல முடியும்.

‘பார்ட் ஆஃப் த ரீசன்’ என்றால் ‘அதுவும் ஒரு காரணம்’. ‘காரணத்தின் ஒரு பகுதி’ என்று தமிழில் யாரும் பேசுவதில்லை. ‘பார்ட் ஆஃப் த ஃபேமிலி’ என்றால் ‘எங்கள் வீட்டுப் பிள்ளைபோல’. ‘த ஹார்ட் பார்ட் இஸ் வெயிட்டிங்’ என்றால் ‘காத்திருப்பதுதான் கஷ்டம்’. ‘பார்ட் ஆஃப் மீ வாண்ட்ஸ் டு கோ’ என்றால் ‘போகலாமா என்றும் ஒரு மனம் சொல்கிறது’. இவற்றில் எதிலும் கூறைக் குறிக்கும் பெயர் இல்லை. ‘உம்’, ‘தான்’, ‘போல’ ஆகியவையும் ‘ஒரு’வும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

சேர்ந்திருப்பதைச் சொல்ல ‘ஒரு அங்கமாக உள்ளது’ என்று எழுதும் பழக்கம் இப்போது அதிகம். ‘கோலம் எங்கள் வாழ்வின் ஓர் அங்கம்’ என்பதைவிட ‘கோலம் போடாமல் எங்களுக்கு நாள் விடியாது’ என்று எழுதலாம். எல்லா இடத்திலும் இப்படி விரிக்க முடியாது; முடிகிற இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

8. கடைசித் தேடல்

முடித்த கோப்பில் ‘பகுதி’, ‘பாகம்’, ‘பங்கு’, ‘அங்கம்’ ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ‘பகுதி’ வந்த ஒவ்வோர் இடத்திலும் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடமோ, துறையில் நிலைபெற்ற பெயரோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

ஒரே பொருளுக்கு ஒரே சொல் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கையேட்டின் தொடக்கத்தில் பாகம், நடுவில் உறுப்பு, கடைசியில் கூறு என்று மாறினால், மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்று படிப்பவர் நினைப்பார். கதையில் இந்தக் கண்டிப்பு வேண்டாம். கையேட்டிலும் சட்டத்திலும் கட்டாயம் வேண்டும்.

பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் கொடுக்கும் வாக்கியம் இது: ‘மை ஃபாதர்ஸ் பார்ட் ஆஃப் த ஹவுஸ் இஸ் த பேக் பார்ட், அண்ட் ஹி வில் நாட் பார்ட் வித் இட்.’ முதல் முயற்சியில் பலரும் எழுதுவது, ‘வீட்டின் என் தந்தையின் பகுதி பின்பகுதி ஆகும், அவர் அதைப் பிரிய மாட்டார்.’

படிப்படியாகப் பார்த்தால், மூன்றாவது ‘பார்ட்’ வினை. ‘வித்’ சேர்ந்திருப்பதால் விட்டுத்தருவது. முழுப்பொருள் வீடு, ஆகவே இரண்டாவது, கட்டு. முதலாவது உரிமை, ஆகவே பாகம். ‘வீட்டில் அப்பா பாகத்துக்கு வந்தது பின்கட்டு, அதை விட்டுத்தர அவர் சம்மதிக்கமாட்டார்.’ பாகப்பிரிவினை இன்னும் ஆகவில்லை, அப்பா அங்கே குடியிருக்கிறார், அவ்வளவுதான் என்று ஆவணத்தின் மற்ற பக்கங்கள் சொன்னால், ‘பாகத்துக்கு வந்தது’ என்ற சொற்களை எடுத்துவிட்டு ‘அப்பா இருப்பது பின்கட்டில்’ என்று மாற்றுங்கள்.